வேதமுத்துக்கு விழுந்த ஆறு சோழிகள்

ரேடியோவோடு சண்டை போடுகிற மனிதரை நான் முதன்முதலில் பார்த்தது பாம்பனில்தான். டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கிறவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள், "அது அப்படியில்ல" என்று மணலிலிருந்து ஒரு குரல் கிளம்பும். செய்தி வாசிப்பவர் காதில் அது விழாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்வார். அவர் பெயர் வேதமுத்து.

நான் ராமநாதபுரத்துக்காரன். 1954இல் போஸ்டாபீஸ் கிளார்க்காகப் பாம்பனுக்குப் போனேன். மூன்றே மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாக வீட்டில் சத்தியம் செய்துவிட்டுப் போனவன், ஒன்பது வருஷம் இருந்தேன். கருவாட்டு வாசனை பழகிப்போனது பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தப் பஞ்சாயத்து ரேடியோ.

கரையை ஒட்டி ஒற்றை அறைக் கட்டடம். மேலே புனல் மாதிரி ஒரு ஒலிபெருக்கி. உள்ளே பேட்டரியில் ஓடும் ரேடியோப் பெட்டி. சாவி சதக்கத்துல்லாவிடம் இருக்கும். அவருக்குத் தையல்கடை. சாயங்காலம் தையல் மிஷினை மூடிவிட்டு, கழுத்தில் இஞ்சு டேப்பு தொங்கத் தொங்க வந்து ரேடியோ அறையைத் திறப்பார். முதலில் செய்தி. பிறகு யாராவது ஒரு படித்த பேச்சாளர் பத்து நிமிஷம் உலக விவகாரம் பேசுவார். எந்தப் பக்கமும் சாயாமல், நடுவிலும் நிற்காமல் பேசி முடிக்கிற வித்தை அவர்களுக்குக் கைவந்திருந்தது. அவர் முடித்ததும் சதக்கத்துல்லா பேட்டரியை மிச்சம்பிடிக்க ரேடியோவை அணைத்துவிடுவார். பாம்பனின் பேச்சு அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கும் வராமல் அடிதடி வரைக்கும் போனதால், சதக்கத்துல்லா ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் வீட்டுப் பெரியவர்கள் சங்கு வியாபாரிகள். அந்த வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேரம் முடிந்துவிடும். அதே முறையில் இரண்டு ஓலைப்பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஆளுக்கு ஒரு சோழி. அன்றைய கேள்விக்கு ஆமாம் என்றால் வலது பெட்டி, இல்லை என்றால் இடது பெட்டி. கை துண்டுக்கடியில் போகும், வெறுங்கையாக வரும். யார் எதில் போட்டார் என்பது போட்டவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

கோவாவைச் சண்டை போட்டு வாங்கலாமா என்று ஒரு நாள் கேள்வி. தேவிகுளம் நமக்குக் கிடைக்குமா என்று ஒரு நாள். குடிதண்ணீர்க் குழாயை மாதா கோயில் பக்கம் போடலாமா என்று ஒரு நாள். அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். முடிவைத் திருச்சி வானொலி நிலையத்துக்கு நான் கார்டில் எழுதிப் போடவேண்டும். அவர்கள் ஒரே ஒரு முறை, 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் போட்டார்கள். அதைச் சதக்கத்துல்லா சுவரில் ஒட்டிவைத்தார்.

வேதமுத்து என்ன வேலை பார்த்தார் என்று சொல்லவேண்டும். பாம்பன் கால்வாய் வழியாகக் கப்பல் போகும்போது, வழி தெரிந்த பைலட் ஒருவர் கப்பலில் ஏறி அதை நடத்திக்கொண்டு போவார். ரயில் பாலத்தைத் தூக்கித் திறந்துவிடுவார்கள். கப்பலின் முன்மூக்கில் ஒரு லஸ்கர் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டு, ஆறடிக்கு ஒரு பாகம் என்று ஆழம் பார்த்துக் கத்துவார். "ரெண்டு பாகம்! ரெண்டே அரைப் பாகம்!" அந்த லஸ்கர்தான் வேதமுத்து. முப்பத்தொரு வருஷமாக அதே கயிறு. கயிறு மட்டும் நாலைந்து முறை மாறியிருக்கலாம்.

பைலட்டுகள் வெளியூரிலிருந்து சர்டிபிகேட்டோடு வருவார்கள். அவர் காலத்தில் ஆறு பேர் வந்துபோனார்கள். ஆறு பேருமே முதல் மாதம் பூராவும் கடலைப் பார்க்காமல் வேதமுத்துவின் முகத்தைப் பார்த்துத்தான் கப்பலைத் திருப்பினார்கள் என்று பாம்பனில் சொல்வார்கள். கடலடியில் எந்தப் பாறைப் பார் எங்கே முளைத்திருக்கிறது, எந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. ஆனால் ரிஜிஸ்டரில் அவர் லஸ்கர். எட்டாம் வகுப்பும் பரீட்சையும் இல்லாதவர் லஸ்கராகத்தான் இருக்கமுடியும் என்பது விதி. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை. அவர் கோபமெல்லாம் ரேடியோவோடு சரி.

1956 ஆடி மாதத்தில் எகிப்து சூயஸ் கால்வாயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது என்று செய்தி வந்தது. மற்ற ஊர்களில் எப்படியோ, பாம்பனில் அதைச் சொந்த விஷயமாகவே எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் ஒரு கால்வாய் உண்டல்லவா! அவர்களுடையது நூறு மைல், எங்களுடையது கூப்பிடு தூரம். அதனால் என்ன? கால்வாய் கால்வாய்தான். சதக்கத்துல்லா தொழுகையை முடித்துக்கொண்டு தொப்பியோடு ஓடிவந்து, "மிஸ்ரு நாட்டுக்காரன் துணிஞ்சுட்டான்" என்று ரேடியோவைத் தட்டிக்கொடுத்தார். எகிப்துக்கு அவர் வாயில் மிஸ்ரு என்றுதான் பேர்.

புரட்டாசி பிறக்கும் சமயத்தில் அடுத்த சேதி. சூயஸில் கப்பல்களை நடத்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பைலட்டுகள் பெரும்பாலோர் ஒட்டுமொத்தமாக வேலையை விட்டுப் போய்விட்டார்கள். உள்ளூர்க்காரர்களும், பேருக்குச் சில வெளியாட்களும்தான் மிச்சம். அன்றைய பேச்சாளர் இருமி இருமி, நிலைமை கவலைக்கிடம் என்றார். ரேடியோ அணைந்தது. சதக்கத்துல்லா துண்டை விரித்தார். "வெள்ளைக்காரன் இல்லாம மிஸ்ருக்காரன் கால்வாயை ஓட்டுவானா, மாட்டானா? சோழியப் போடுங்க."

பாலத்தைத் தூக்குகிற கேங்கில் வேலைபார்த்த தனுஷ்கோடி எழுந்தான். முப்பது வயசு, வாய் நீளம். "ஒரு வாரத்துல கப்பல் குறுக்கால சொருகி நிக்கும், பாருங்க. பாலத்து மேல நின்னு நான் பாக்காத பைலட்டா? அது லேசுப்பட்ட வேலை இல்ல."

"சொருகாது," என்றார் வேதமுத்து.

"எப்படிண்ணே சொல்றீக?"

"போனவன் யாருலே? மேல நின்னு உத்தரவு போட்டவன். கயிறு புடிச்சவன் அங்கனதானே இருக்கான்? ஆழம் அவனுக்குத் தெரியும். கப்பல் போகும்."

கூட்டம் சிரித்தது. எண்ணிப் பார்த்தபோது வலது பெட்டியில் ஒரே ஒரு சோழி. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

கப்பல்கள் போயின. ஒரு வாரம், இரண்டு வாரம், தினமும் சாயங்காலம் ரேடியோ எண்ணிக்கை சொன்னது. போக்குவரத்து தடையில்லாமல் நடக்கிறது என்று அதே இருமல் பேச்சாளரே ஒப்புக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு மட்டும்தான் வேதமுத்து ரேடியோவை எதிர்த்துப் பேசவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு மணலை அளைந்துகொண்டிருந்தார். தனுஷ்கோடிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, மிஸ்ருக்காரன் ஓட்டிப்பிட்டான், சரி. நீங்களும் கயிறு புடிச்சவருதானே? நம்ம கால்வாயில ஒரு கப்பலைக் கொண்டாந்து காட்டுங்க பாப்போம்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்கு வேதமுத்து போஸ்டாபீஸில் நின்றார். சட்டை போட்டிருந்தார். அவரைச் சட்டையோடு ஞாயிற்றுக்கிழமை தவிர நான் பார்த்ததில்லை.

"சார், ஒரு மனு எழுதணும்."

அப்போது இருந்த பைலட் தூத்துக்குடிக்காரர், நல்ல மனிதர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள இரண்டு மாதம் லீவு கேட்டிருந்தார். பதில் ஆள் கிடைக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் தன்னை வைத்துப் பார்க்கட்டும், வேண்டுமானால் முதலில் சோதித்துக்கொள்ளட்டும் என்பதுதான் மனு. நான் இங்கிலீஷில் வெளுத்துவாங்கினேன். 'கனம் பொருந்திய' என்பதற்கு எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் போட்டேன். கையெழுத்துப் போடுமுன் அவர் கேட்டார்: "சார், என்னால ஏலும்னு நீங்க நினைக்கிறீகளா?"

"இதிலென்ன சந்தேகம்?" என்றேன். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளில் பதில் வந்தது. மேலதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். தூத்துக்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு உப்பு ஏற்றிக்கொண்டு போகும் சின்ன நீராவிக் கப்பலை வேதமுத்து அவர் கண்முன்னால் நடத்திக் காட்டவேண்டும். பைலட் பக்கத்தில் இருப்பார், ஆனால் வழி சொல்லக்கூடாது. கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. கப்பலுக்குச் சேதம் வந்தால் இருக்கிற வேலையும் போகும் என்றிருந்தது. அவருக்கு அப்போது வயது ஐம்பத்துநாலு.

அவர் மனைவி அற்புதம்மாள் கருவாட்டுக் கூடையோடு போஸ்டாபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏன் சார், அவுகதான் ரேடியோவைக் கேட்டுப் பித்துப்புடிச்சுத் திரியிறாகன்னா, படிச்ச நீங்களுமா எழுதிக் குடுப்பீக? இருக்கிற கயிறும் போயிருச்சுன்னா எங்கன போயி நிப்போம்?" நான் ஸ்டாம்பை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

கப்பல் வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம். செய்தி முடிந்தது. உலகத்தில் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது; ஒருவரும் காதில் வாங்கவில்லை. சதக்கத்துல்லா ரேடியோவை அணைத்துவிட்டுத் தயங்கினார். "இன்னைக்குக் கேள்வி வேண்டாமே," என்றார்.

வேதமுத்துதான் விடவில்லை. "ஏன் பாய்? மிஸ்ருக்காரனுக்குப் போட்டீகள்ல? எனக்கும் போடுங்க."

"அண்ணே, அவன் தூரத்துல இருக்கான். என்ன போட்டோம்னு அவனுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியட்டும்."

துண்டு விரிந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். அற்புதம்மாள் அதுவரை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரே தவிர, சோழி போட்டதில்லை. அன்றைக்கு நேரே வந்து, துண்டை விலக்கி எல்லாரும் பார்க்க இடது பெட்டியில் போட்டார். "எனக்கு ஒளிவு மறைவு இல்ல. வேண்டாம்னுதான் சொல்றேன்," என்று புருஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மீன் பங்கு வைக்கிறவன் கடைசிப் பங்கைத்தான் எடுக்கவேண்டும் என்பது பாம்பன் வழக்கம். அதனால் காரியத்துக்கு உரிய வேதமுத்து கடைசியாகப் போட்டார்.

சதக்கத்துல்லா எண்ணினார். மொத்தம் நாற்பத்தேழு. முடியும் என்று ஆறு. முடியாது என்று நாற்பத்தொன்று.

கறுத்த எகிப்துக்காரன் கப்பலை நடத்திவிட்டான் என்று கைதட்டிய கூட்டம்தான் அது. தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவன் என்றதும் கை மறுபடியும் இடது பக்கம் போய்விட்டது. எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் கோபம் கோபமாக வந்தது. வேதமுத்து சோழிகளைப் பார்த்தார். "சரி," என்றார். துண்டை உதறிச் சதக்கத்துல்லாவிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் கூடையை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோனார்.

மறுநாள் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. வாடை இன்னும் தொடங்கவில்லை. போஸ்டாபீஸை அரைமணி நேரம் பூட்டிவிட்டு நானும் கரைக்குப் போனேன். சர்க்காருக்கு இப்போது சொல்வதில் நஷ்டமில்லை. ஊரே கரையில் நின்றது. தெற்கே உப்புக் கப்பல் புகை விட்டுக்கொண்டு மெல்ல வந்தது. பாலத்தில் தனுஷ்கோடியின் கேங் கம்பிகளைப் பிடித்துச் சுற்ற, நடுப்பாலம் இரண்டாகப் பிரிந்து மேலே எழுந்து நின்றது. கால்வாய் வாய்க்கு வெளியே கப்பல் நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. நகரவில்லை.

"பயந்துட்டாரு," என்றார் பக்கத்தில் ஒருவர். அற்புதம்மாள் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். சொன்னவர் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

கப்பலில் நடந்ததைப் பைலட் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, ஏன் நிற்கிறாய் என்று கேட்டிருக்கிறார். வேதமுத்து தண்ணீரில் மிதந்த ஒரு பாசிக் கொத்தைக் காட்டியிருக்கிறார். "அது இன்னும் வடக்க ஓடுதுங்கய்யா. நீவாடு, அதான் நீரோட்டம், ஓயல. இப்ப உள்ள விட்டா மூக்கைத் தள்ளிரும். பாசி நிக்கட்டும்." 'சர்டிபிகேட் இருந்தும், நானாக இருந்தால் அவசரப்பட்டிருப்பேன்' என்று பைலட்டே சொன்னார். பாசி நின்றது. கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே என்று அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தபோது, பைலட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முன்மூக்குக்குப் போனார். "இன்னைக்கு நான் புடிக்கிறேன், வேதமுத்து. நீங்க திருப்புங்க."

கப்பல் உள்ளே நுழைந்தது. பைலட்டின் மெல்லிய குரல் ஆழம் சொல்லிக்கொண்டே வந்தது எங்களுக்கும் கேட்டது. இரண்டு பார்களுக்கும் நடுவே, பாலத்தின் இரண்டு தூண்களுக்கும் நடுவே, கல்யாணப் பெண்ணை அழைத்துப் போவதுபோல அவ்வளவு நிதானமாகப் போயிற்று. மறுபக்கம் போய் அது சங்கு ஊதியபோது தனுஷ்கோடி பாலத்தின்மேல் நின்று தலைப்பாகையை வீசிக் கூச்சல் போட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

அன்று சாயங்காலம் ரேடியோ அறையில் உட்கார இடமில்லை. செய்தியில் பாம்பன் பெயர் வருமென்று சிலர் உண்மையாகவே எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஆனால் வேறொரு அதிசயம் நடந்தது. ஆறு பேர்தான் முடியும் என்று சோழி போட்டவர்கள். அன்றைக்கு நான் எண்ணிய வரையில், அந்த ஆறு பேரில் தானும் ஒருவன் என்று சொன்னவர்கள் முப்பத்துமூன்று பேர்! தனுஷ்கோடி, "அண்ணே, அதுல ஒண்ணு என்னுது" என்று வேதமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஒருவர் தன் சோழியில் சின்னக் கீறல் இருந்ததாக அடையாளமே சொன்னார். சதக்கத்துல்லா தலையைக் குனிந்துகொண்டு இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வேதமுத்து யாரையும் மறுக்கவில்லை. "ஆகட்டும், ஆகட்டும்" என்று எல்லார் கையையும் பிடித்துக்கொண்டார்.

யாரோ, "நேத்துப் போட்டது செல்லாது. திரும்பப் போடுவோம், பாய்" என்றார்கள். அப்போதுதான் வேதமுத்துவின் குரல் உயர்ந்தது.

"போட்டது போட்டதுதான். கப்பல் போனப்புறம் போட்டா அதுக்குப் பேரு சோழி இல்ல, கைதட்டு."

மறுநாள் மத்தியானம் போஸ்டாபீஸுக்கு வந்தார். திருச்சிக்குக் கார்டு எழுதவேண்டும் என்றார். வெற்றிச் செய்தியை எழுதச் சொல்கிறார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன்.

"முடியும்னு ஆறு, முடியாதுன்னு நாப்பத்தொண்ணுன்னு எழுதுங்க சார். கணக்கு கணக்குதான்."

"உங்களை நம்பாதவர்கள் கணக்கை நீங்களே அனுப்பவேண்டுமா? எனக்கு வயிறு எரிகிறது," என்றேன். குரலில் தேவைக்கு மேல் சூடு இருந்தது எனக்கே தெரிந்தது.

அவர் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவுகளைச் சொல்லி என்ன சார் குத்தம்? அந்த நாப்பத்தொண்ணுல ஒண்ணு என்னுது."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"துண்டுக்குள்ள கைய விட்டேன். வலது பக்கம்தான் கொண்டுபோனேன். கை வரல சார். முப்பத்தொரு வருசம் கீழ நின்னே பழகிருச்சு. மிஸ்ருக்காரனுக்குப் போட்ட கை, எனக்குப் போடல." சிரித்தார். "என் வீட்டுக்காரி தேவல. அவ பயந்ததை எல்லார் முன்னாலயும் சொன்னா. நான் மூடிவச்சுப் போட்டேன். உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. நீங்கதானே சந்தேகமில்லன்னு சொல்லி எழுதிக் குடுத்தீக. அந்த ஆறுல ஒண்ணு உங்களுதுன்னு எனக்குத் தெரியும்."

நான் அவர் சொன்னபடி கார்டை எழுதினேன். முகவரி எழுதினேன். முத்திரை குத்தினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசியில் சூயஸில் குண்டு விழுந்தது. கப்பல்கள் மூழ்கிக் கால்வாயே அடைபட்டுப் போனது. "பாத்தீகளா, கடைசியில மூடிட்டாங்கள்ல" என்று தனுஷ்கோடி ஆரம்பித்தான். "அடைச்சது குண்டுலே. ஓட்டத் தெரியாம இல்ல," என்றார் வேதமுத்து, ரேடியோவைப் பார்த்தே. பாம்பன் கால்வாய் அடைபடவில்லை. அந்த இரண்டு மாதமும், அதற்குப் பிறகு பைலட் லீவில் போகும்போதெல்லாமும், அவர்தான் கப்பல்களை நடத்தினார். ரிஜிஸ்டரில் கடைசி வரைக்கும் லஸ்கர் என்றே இருந்தது. அற்புதம்மாள் மட்டும் கருவாடு விற்கப் போகிற இடத்தில், "பைலட் வீட்டிலிருந்து வாரேன்" என்று சொல்லிக்கொள்வார்.

வேதமுத்து போய்ச் சேர்ந்து இப்போது ஆறு வருஷமாகிறது. பாம்பனில் நான் இருந்த காலம் முழுக்க, எத்தனையோ சாயங்காலம் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து செய்தி கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். ரேடியோ அதற்குள் பேசத் தொடங்கிவிடும். அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருந்துவிடுவேன். ஊரார்மேல் அத்தனை கோபப்பட்டேனே, என் சோழியையும் நான் இடது பெட்டியில்தான் போட்டேன்.